தேறல்

தராசு இருபத்து நாலரை காட்டியது.
இருபத்து மூன்றுக்குத்தான் காசு கட்டியிருந்தேன்.
திபிலிசி விமான நிலையத் தரையில் மண்டியிட்டுப்
பெட்டியைத் திறந்து
எதை விடுவதென்று பார்த்தேன்.
முடி உலர்த்தி போனது.
மடாலயங்களைப் பற்றிய தடித்த புத்தகம் போனது.
பாட்டில் போகவில்லை.

பாட்டில் என்ன பாட்டில்,
இரண்டு லிட்டர் தண்ணீர் விற்ற பிளாஸ்டிக்,
நீல மூடி.
தோட்டத்தில் கழுத்துவரை புதைத்த தாழியிலிருந்து
நீளக் காம்பு செருகிய சுரைக்குடுக்கையால் மொண்டு
நஸிப்ரோலா அதில் ஊற்றினாள்.
கட்டந்தேநீர் நிறம்.
வெள்ளைத் திராட்சையைத் தோலும் காம்புமாக
ஆறு மாதம் மண்ணுக்குள் விட்டால் வருமாம் அந்த நிறம்.
யாருக்கு என்று புருவத்தால் கேட்டாள்.
தம்பிக்கு என்று
என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரம் காட்டினேன்.
அவ்வளவு உயரமா என்று
இன்னும் ஒரு குடுக்கை ஊற்றினாள்.

நாலு ஜோடி கம்பளிக் காலுறை சுற்றி
ஹெல்சின்கியில் பச்சை வழியாக நடந்தேன்.
கேட்டால் சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்.
யாரும் கேட்கவில்லை.

கெமிக்கு இரவு ரயில்.
ரௌனோ கதவைத் திறந்தான்.
சவரம் செய்த முகம், அதுவே புதிது.
காபிக்குத் தண்ணீர் அளந்தான்.
நான் பெட்டிமேல் குனிந்திருந்தபோது
முதுகுக்குப் பின்னால் சொன்னான்:
"நாற்பத்தோரு நாள் ஆகிறது, துலிக்கி."

காலுறைகளை மறுபடி சுற்றினேன்.
வால்நட் கோத்த இனிப்புச் சரத்தை மட்டும் எடுத்து நீட்டினேன்.
"மெழுகுவர்த்தியா?" என்றான்.
கடித்துக் காட்ட வேண்டியிருந்தது.

என் வீட்டில்
பாத்திரத் தொட்டிமேல் நின்றேன், நீல மூடியில் கை.
ஊற்றிவிடலாம்.
அந்தக் கடைசிக் குடுக்கைதான் விடவில்லை.
ஒரு கிளாஸ் நானே குடித்துப் பார்த்தேன்.
நன்றாக இருந்தது,
அதுதான் தொல்லை.

நவம்பரில் குளிர்கால டயர் எடுக்க வந்தவன்
டயர்களுக்குப் பின்னால் அதைக் கண்டுபிடித்தான்.
விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.
நான் டயரை எண்ணினேன். நாலு. மறுபடியும் நாலு.
"எனக்கு வாங்கியதுதானே?"
"ஆமாம்."
"மூடியை எறி. துணி கட்டு.
மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்."

துணிக்குக் காலுறை ஒன்றை வெட்டினேன்.
கீழ்வீட்டு மர்யுக்கா,
பாலுக்கு உறை குத்துகிற மாதிரி,
தன் காடி ஜாடியிலிருந்து
வழவழவென்று ஒரு கரண்டி தந்தாள்.

பிறகு இருட்டு மாதங்கள்.
ஞாயிறுதோறும் போன்.
தன்னைப் பற்றி அவன் சொல்வதில்லை.
"அது எப்படி இருக்கிறது?"
"கலங்கல்தான்."
"அடுத்த வாரம்?"
"மேலே ஆடை கட்டியிருக்கிறது. நாற்றம் தாங்கவில்லை."
"தெளியுமா?"
"தேறிவிடும் என்கிறாள் மர்யுக்கா."
ஒரு ஞாயிறு போன் வரவில்லை.
அடுத்த ஞாயிறும்.
மூன்றாவதில், தொண்டை கட்டிய குரலில்:
"ஒன்பது நாள்."
முன்பு எத்தனை வரை போயிருந்தான் என்று கேட்கவில்லை.
"வண்டல் இறங்குகிறது" என்றேன்.

ஏப்ரலில் கடல் இன்னும் பனிக்கட்டி.
உப்பு ஹெர்ரிங்கை ஊறவைத்து
வெங்காயம் வளையமாக அரிந்து
உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து
தம்பியைக் கூப்பிட்டேன்.
காடி தேநீரைவிட வெளுத்திருந்தது,
தட்டின் பூ அதன் வழியே தெரிந்தது.
ஒரு வாய் போட்டு
ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டான்,
சின்ன வயதில் நெல்லிப்புளிப்பு பெர்ரி தின்ற முகம்.

"இன்னும் கொஞ்சம் ஊற்று" என்றான்.

அந்தச் சொல்லுக்கு
என் கை ஒரு கணம் நின்றது.
அவனும் பார்த்தான்.
பிறகு ஊற்றினேன்.