சோப்பு போகாத இரவு

ராயக்கோட்டை சாலையிலிருந்து
உள்ளே ஒன்றரை கிலோமீட்டர்.
மனை வாங்கும்போது பட்டா பார்த்தோம், வாசல் திசை பார்த்தோம்,
பஸ் சத்தம் கேட்கிறதா என்றுகூட நின்று பார்த்தோம்.
நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கவில்லை.

போர் எண்ணூற்று இருபது அடி.
தண்ணீர் பீறிட்டபோது முனிரத்னா கற்பூரம் ஏற்றினாள்.
நான் ரிக் வண்டிக்காரருக்கு
இருநூறு ரூபாய் கூடக் கொடுத்தேன்.
இரண்டையும் இனித் திருப்பி வாங்க முடியாது.

நான் கருங்கல்லுக்குப் பாலீஷ் போடுகிறவன்.
பர்கூர்ப் பக்கம் கம்பெனி.
பலகையில் முகம் தெரிந்தால்தான் லாரியில் ஏற்றுவார்கள்.
தெரியும். மூக்கு மயிர்கூடத் தெரியும்.
வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில்தான்
வெள்ளைப் புள்ளிகளுக்குப் பின்னால்
யாரோ ஒருவர் சவரம் செய்துகொள்கிறார்.

எங்கள் வீட்டுப் பக்கெட்டைப் பார்த்து ஆளைச் சொல்லலாம்.
சிவப்பில் கழுத்துவரை வெள்ளைக் கோடு: முனிரத்னா.
நீலத்தில் பாதியில் நின்ற கோடு:
ஆறு மணி ஷிப்டுக்கு ஓடும் நான்.
தேஜஸ்ரீயின் பக்கெட்டில் கோடே கிடையாது,
எலுமிச்சைத் தோலால் தினமும் தேய்க்கிறாள்.
பன்னிரண்டாம் வகுப்பு.
சீப்பில் வருகிற முடியைக் காகிதத்தில் வைத்து எண்ணுகிறாள்.
டெஸ்ட் மார்க்கைப் போலவே
அந்த எண்ணையும் எங்களிடம் சொல்வதில்லை.

ஒகேனக்கல் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை.
அது வந்தால் சாம்பார்.
வராத நாளில் துவரம்பருப்பு
ஒன்பது விசிலையும் கேட்டுவிட்டு
போனபடியே திரும்பி வரும்.
விருந்தாளி வந்து உட்கார்ந்ததும்
முனிரத்னா என்னைச் சமையலறைக்குக் கூப்பிடுவாள்,
மெதுவாகக் கேட்பாள்:
“காவிரி எத்தனை குடம் இருக்கு?”

மென்நீர்க் கருவி விற்பவர் வந்தார்.
எங்கள் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டார்,
நிறம் மாறுவதற்குள் விலையைச் சொல்லிவிட்டார்.
நாற்பத்திரண்டாயிரம். மாதாமாதம் உப்பு தனி.
“உப்புத் தண்ணிக்கே உப்பா?” என்றாள் இவள்.
அவர் சிரிக்கவில்லை. மனைக் கடன் இன்னும் ஒன்பது வருடம்.

ஆடியில் ஹீட்டர் மூன்றாவது முறையாகப் போனது.
சமீர் காயிலை உருவினான்.
கம்பியைக் காணோம்,
முறிந்த கைக்கு மாவுக்கட்டு போட்டதுபோல் சுண்ணாம்பு.
ஸ்பேனரால் தட்ட, உள்ளங்கை அளவு கட்டி விழுந்தது.
“இந்த லேஅவுட்ல மட்டும் பதினேழு வீடுண்ணே.
எம் பொண்ணு ஸ்கூல் பீஸு உங்க தண்ணிலதான் போகுது.”
சொன்ன பிறகு அவனுக்கே ஒருமாதிரி ஆகியிருக்க வேண்டும்.
நான் கேட்காமலே ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டான்.

அந்தக் கட்டியை மறுநாள்
டிபன் பையில் கம்பெனிக்கு எடுத்துப் போனேன்.
ஏன் என்று தெரியவில்லை.
சாப்பாட்டு நேரம், மெஷினில் ஆளில்லை.
சக்கரத்துக்கு அடியில் வைத்தேன்.
கல்தானே நீ, பளபளத்துக் காட்டு.
ஒரு நொடி.
பால்போல ஓடிற்று, கையில் ஒன்றுமில்லை.
கல்லாக நிற்கக்கூடத் தெரியாத இதுவா
மூன்று காயிலைத் தின்றது?

ஐப்பசியில் ஒருநாள் ராத்திரி மழை பிடித்துக்கொண்டது.
மொட்டைமாடிக் குழாய்க்கு அடியில்
பக்கெட், குடம், அரிசி டப்பா, கடைசியில் குக்கரும்.
சிவப்பிலும் நீலத்திலும்
கோட்டைத் தாண்டித் தண்ணீர் ஏறியது.
பத்தரை மணிக்குக் குளிக்க வரிசை.
முதலில் தேஜஸ்ரீ போனாள்.
பத்து நிமிடம். இருபது.
மூன்றாவது பக்கெட்டையும் உள்ளே கேட்டாள்.
பிறகு பயந்த குரல்:
“அம்மா, சோப்பு போகவே மாட்டேங்குது.
எவ்ளோ ஊத்தினாலும் வழுக்குது.”

முனிரத்னா கதவில் கை வைத்தாள்.
“அது எப்பவோ போயிடுச்சுடி.
வழுக்கறது உன் தோலு.”

உள்ளே கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு
இன்னொரு சொம்பு.