புகார் எண் நாற்பத்தொன்று

எழுநூறு கன்றுகள் கேட்டிருந்தோம்,
ஃபெதெயாஸ்கா என்று தெளிவாய் எழுதி,
முன்பணத்தோடு.
ஈரச் சாக்கில் சுற்றி வந்தவற்றின் காலில்
அதே பெயர் அட்டையாய்த் தொங்கியது.
ஓல்த் ஆற்றுக்கு மேலே, தெற்குச் சரிவில்
இலாரியோனும் நானும் நட்டோம்.
மண்வெட்டி பட்ட இடமெல்லாம் கல்.

முதல் வருடம் இலை. இரண்டாம் வருடமும் இலை.
பக்கத்துத் தோட்டத்துக் கவ்ரிலா
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று
ஓர் இலையைத் திருப்பிப் பார்த்து
"இது ஃபெதெயாஸ்கா இல்லையே" என்றான்.
இலாரியோன் அவனோடு பேசுவதை நிறுத்தினான்.

மூன்றாம் ஆகஸ்டில் குளவிகள் வந்தன,
கவ்ரிலாவின் கொடிகளைத் தாண்டி
பீச் மரங்களைத் தாண்டி
முகவரி கேட்டு வந்தவை போல நேராக எங்கள் வரிசைக்கு.
கொத்து இறுக்கம், விரல் நுழையாது.
வெயில் பட்ட பக்கம் தவிட்டு நிறப் புள்ளிகள்.
தோல் தடிப்பு, சாறு கஞ்சம்.
எடை போட்டால் எதிர்பார்த்ததில் பாதி.
"போயும் போயும் அட்டையை நம்பி நட்டாயே,
சாம்பிராணி!" என்று அவனைத் திட்டினேன்.
(அட்டையைப் படித்தது நான்தான். அது வேறு விஷயம்.)

ஒரு கொத்தைச் செய்தித்தாளில் சுருட்டி
மடியில் வைத்துக்கொண்டு
நாற்றுப் பண்ணைக்குப் பேருந்து ஏறினேன், சண்டைக்கு.
ஜன்னல் திறக்காத பேருந்து.
மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும்
முன் இருக்கைப் பெண்,
அலைபேசியில் யாரிடமோ வட்டிக் கணக்கு வாதாடிக்கொண்டிருந்தவள்,
பேச்சைப் பாதியில் விட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.
பிறகு வெளியே எட்டிப் பார்த்தாள்.
கோயில் எதுவும் இல்லை.
ஒரு பெட்ரோல் பங்க், தலை கவிழ்ந்த சூரியகாந்திகள்.

திருமதி பிரெதெஸ்கு புகார்ப் பதிவேட்டைத் திறந்து
பேனா மூடியைக் கழற்றி
ஒரு பழத்தை வாயில் போட்டாள். இன்னொன்று.
எழுத மறந்து ஆறேழு.
"சாட்சியத்தைத் தின்கிறீர்கள்" என்றேன்.
வாயைத் துடைத்துக்கொண்டு "தமையோவாசா" என்றாள்.
"எங்கேயோ பை மாறிவிட்டது.
பூசையில் தூபக்காலில் போடுவோமே, அதுதான் இதன் பெயரிலும்.
சாம்பிராணித் திராட்சை."

ஆக, நான் திட்டியது
சரியான ஆளைத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நாற்பது லிட்டர் தேறியது.
நொதிக்கும்போது வீடு முழுக்க
ரோஜாவும் திருநீற்றுப் பச்சிலையும்,
இலாரியோனின் வேலைச் சட்டையில்கூட.
தேன் என்று நம்பி வாயில் வைத்தால் தேன் இல்லை.
சர்க்கரை முழுக்க எரிந்து முடிந்து
கடைசியில் ஆரஞ்சுத் தோலைக் கடித்த கசப்பு.
மூக்கிடம் ஒன்று சொல்லி
நாக்கிடம் வேறு சொல்கிற பேர்வழி.
முதல் இரவு எனக்குப் பிடிக்கவில்லை.
அத்தரை அள்ளிப் பூசிக்கொண்டு
கல்யாணத்தில் ஒட்டி உட்காரும் தூரத்து உறவு மாதிரி.
மறுநாள், தம்ளரில் மிச்சம் வைத்தது
கொஞ்சம் தணிந்து பேசிற்று.
கேட்டேன்.

இலாரியோன் வேலிக்கம்பத்தடியில் ஒரு போத்தலை வைத்துவிட்டு
எதுவும் சொல்லாமல் திரும்பி வந்தான்.
காலையில் போத்தல் காலி.
கழுவி, கம்பத்தின் மேல் தலைகீழாய்க் கவிழ்த்திருந்தது.

மார்ச்சில் கடிதம்:
புகார் எண் நாற்பத்தொன்று ஏற்கப்பட்டது.
தவறான கொடிகளைப் பிடுங்கிவிடவும்.
மாற்றுக் கன்றுகள் இலவசம்.

லாரி வந்து இறக்கிவிட்டுப் போய்விட்டது.
எழுநூறு, ஈரச் சாக்கில், சுவரோரமாய்.
எங்கே நடுவது என்று
இலாரியோன் சரிவையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறான்.
காலில் தொங்கும் அட்டையில்
ஃபெதெயாஸ்கா என்று போட்டிருக்கிறது.

போட்டிருக்கட்டும்.
குளவிகள் வரட்டும், பார்ப்போம்.