நாளைக் காலைப் படகு இல்லை

ஐரோலியில் ஏழாவது மாடி. இரவு ஷிஃப்ட்.
என் திரையில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடல்
நகராமல் கிடக்கிறது.
அதன் ஓரத்தில் ஒரு தீவு,
யாரோ கடித்துவிட்டு வைத்த அப்பளம்.
பெயரில் ஒன்பது எழுத்து; ஐந்து பேசாது.
பயிற்சியில் ஒரு நாள் முழுக்க அதற்கே போனது.
இங்கே நான் ஜென்.
ஜெபக்கனியில் முதலெழுத்து மட்டும் பேசும்.

வழி கேட்பவர்களுக்குச் சொல்வேன்:
ரயில் முடிகிற இடத்தில் இறங்குங்கள்,
துறை எதிரிலேயே.
நாய்க்குக் கட்டணம் இல்லை, ஆட்டுக்கு உண்டு.
காற்று கூடினால் படகு இல்லை.
நான் கடலில் போனது ஒரே தடவை,
எலிஃபெண்டாவுக்கு. அதிலும் வாந்தி.

ஜூலை. எனக்கு மணி இரண்டு.
மோராக் என்று ஒரு அம்மா கூப்பிட்டார்.
அங்கே ஒன்பதரை, இன்னும் வெளிச்சமாம்.
தங்கை ஆஸ்பத்திரியில்,
தீவில் அவள் வீடு பூட்டிக் கிடக்கிறது,
பின்கட்டில் எட்டுக் கோழி, நாலு நாளாகிறது.
நாளைக் காலைப் படகு இல்லை என்றேன்.
மாலைப் படகு?
அதுவும் காற்றைப் பொறுத்தது.
அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.

அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து,
உன் பக்கம் என்ன சத்தம் என்றார்.
மழை என்றேன்.
நீ துறைமுகத்திலா இருக்கிறாய்?
ஊரைச் சொல்லக் கூடாது என்பது விதி.
கடல் பக்கம்தான் என்றேன்.
கண்ணாடிக்கு வெளியே தாணே கழிமுகம்
சேறும் இருட்டுமாக இருந்தது,
அதுவும் கடல்தானே.

விடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போனால்
சயானில் தண்டவாளம் தண்ணீருக்குள்.
ஒலிபெருக்கிக்காரி மூன்று மொழியில் வருந்தினாள்.
அந்த வாக்கியத்தை இந்தப் பக்கத்திலிருந்து
அன்றுதான் கேட்டேன்.
தாராவியில் தம்பி அரிசி மூட்டையை
பரணில் ஏற்றிவிட்டானாம்,
முழங்காலளவுதான், வராதே என்றான்.
பிளாட்பாரத்தில் ஒரு ஆள்
சாக்கை விரித்துத் தூங்கினான், காலில் ஒற்றைச் செருப்பு.
வடாபாவ் தீர்ந்துவிட்டது, மிளகாய் மட்டும் இருந்தது.
பதினோரு மணி நேரம்.
எட்டுக் கோழியையும் ஒன்றொன்றாக எண்ணினேன்,
நிறம் தெரியாததால்
எல்லாம் கறுப்பாகவே வந்தன.

வியாழக்கிழமை ஷிஃப்டில் தேடிப் பார்த்தேன்.
குறிப்புப் பகுதியில் 'கோழிகள், நாலு நாள்' என்று
நான் எழுதியிருந்ததற்கு
தர ஆய்வில் ஒரு மதிப்பெண் குறைத்திருந்தார்கள்:
பயணத்துக்குத் தொடர்பில்லாதது.
அதற்குக் கீழே பச்சையில்,
பயணி ஒருவர். வாகனம் இல்லை.
ஏறிவிட்டார்.