நாலு மணி டம்ளர்

அண்ணனுக்குக் குடலில் ஒரு முழம் வெட்டி எடுத்த மறுமாதம்
டாக்டர் எங்கள் மூவரின் வயதைக் கேட்டார்.
ஐம்பத்தைந்து, ஐம்பத்தொன்று, நாற்பத்தெட்டு.
கூடப் பிறந்தவங்க எல்லாரும் உள்ளே பார்த்துடணும் என்றார்.
ஒரே நாளில் தேதி வாங்கினோம்,
தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள்போல.

மூன்று பேர், மூன்று டாக்டர் சீட்டு,
வயிறு கழுவ மூன்று வழி.

அம்மாபேட்டையில் எனக்கு இரண்டு லிட்டர்.
பாதி ராத்திரி எட்டுக்கு,
மீதி விடிகாலை நாலுக்கு.

நாகலூரில் தங்கை மல்லிகேஸ்வரிக்குச் சின்னப் பாக்கெட் இரண்டு.
"ஒரு டம்ளர்தான்க்கா, ஆரஞ்சு வாசம்."
மேலே எட்டு டம்ளர் பச்சைத் தண்ணீர் என்று
கீழே எழுதியிருந்ததை அவள் படிக்கவில்லை.
பால் சேர்க்காத காப்பி குடிக்கலாமாம்.
எஸ்டேட்காரி, அதில் மட்டும் ராணி.

உருக்காலையில் ஷிஃப்ட் பார்க்கும் தம்பி இளம்பரிதி
எதையும் பாதியில் நிறுத்தாதவன்.
"ஆறுக்கு ஆரம்பிச்சு பத்துக்குள்ள காலி.
நாலு மணிக்கு எவன் எந்திரிப்பான்?"

இரண்டு நாளாகக் கொய்யா கூடாது, கீரை கூடாது, கேழ்வரகு கூடாது.
தட்டுவடை செட் கூடவே கூடாது,
பீட்ரூட் துருவல் உள்ளே போய் ரத்தம்போல் நடிக்கும்.
ஜவ்வரிசிக் கஞ்சி குடிக்கலாம்.
ஊரே காயவைத்து மூட்டை கட்டுகிற சாமான்
அன்றைக்குத்தான் எனக்கு விருந்து.

பக்கத்து வீட்டு சரசக்கா
விளக்கெண்ணெய்ப் புட்டியோடு வந்து நின்றாள்.
"இதை விட்டுட்டு எதுக்குக் காசைக் கரைக்கறே?"
சீட்டைக் காட்டினேன்.
எழுத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

முதல் டம்ளர் எலுமிச்சை.
மூன்றாவதில் உப்பு மட்டும்.
ஐந்தாவதில்,
சேலத்துக்காரிக்குத் தூரமாய் இருந்த கடல்
தொண்டைவரை வந்து நின்றது.
ஐஸ் போட்டேன், மூக்கைப் பிடித்தேன்,
உறிஞ்சு குழலை நாக்குக்குப் பின்னால் தள்ளிக் குடித்தேன்.
அப்புறம் வீட்டில் எனக்கு ஒரே அறைதான் இருந்தது.

நாலு மணிக்கு இரண்டாவது பாதியைக் கலக்கும்போது
தங்கை கூப்பிட்டாள், தம்பியையும் இணைத்தாள்.
"எந்த நிறத்துல போகுது?"
புடவைக் கடையில் இருபது வருஷம்,
நிறம் சொல்லித்தான் சோறு.
"எலுமிச்சை மஞ்சளுக்கும் சந்தனத்துக்கும் நடுவுல," என்றேன்.
"எனக்குக் கட்டங் காப்பி," என்றாள் அவள்.
"குடிச்சதே வருதோ?"
தம்பி கொஞ்சம் தயங்கினான்.
"நான் ஒன்பதுக்கே வாந்தி எடுத்துட்டேன்.
இப்ப... சாம்பார்."

அப்போது நாலாவதாய் ஒரு குரல் சிரித்தது.
மல்லி அண்ணனையும் சேர்த்திருக்கிறாள்,
எங்களிடம் சொல்லவில்லை.
பை மாட்டிய நாளிலிருந்து
எங்களோடு ஒரு வாய் சாப்பிடாத அண்ணன்.
"ஓடவேண்டாதவன் நான் ஒருத்தன்தான்டா," என்றார்.
"நிம்மதியாத் தூங்கலாம்."
யாரும் பேசவில்லை.
"தூக்கம்தான் வரலை."

பிறகு தங்கைக்கு வழி சொன்னார்.
இருபது கொண்டை ஊசி இருக்கு,
ஏழு மணிக் காரை நம்பாதே, ஆறுக்கே கிளம்பு,
பழைய துண்டு இரண்டு எடுத்துக்கோ.
பதினோராவது வளைவில் காரை நிறுத்தினார்களாம்.
என்ன நடந்தது என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை.

என்னைப் பார்த்த டாக்டர்
கண்ணாடி மாதிரி இருக்கு என்றார்.
கடைக்கு வருகிறவர்கள்கூட என்னை இப்படிப் புகழ்ந்ததில்லை.
தம்பிக்குப் பாதிவரைதான் தெரிந்தது.
மூன்று வாரம் கழித்து மறுபடி வரணும்,
இந்த முறை பாதிப் பாதியாக.
அவன் அலாரம் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

மல்லிக்கு ஒன்று இருந்தது.
எடுத்தாச்சு, சோதனைக்குப் போயிருக்கு.
எவ்வளவு பெரிசு என்று கேட்டேன்.
நர்ஸ் விரல் நுனியைக் காட்டி
"ஜவ்வரிசி அளவுதான்," என்றாள்.

வேகாத ஜவ்வரிசியா, வெந்ததா
என்று கேட்கத் தோன்றியது.
கேட்கவில்லை.