மூன்றாம் சேனல்

ஓசூர், பாகலூர் ரோட்டில் ஆறு வீட்டு காம்பவுண்டு.
மாடியில் ஒரே ஆண்டெனா.
அதிலிருந்து ஆறு ஜன்னலுக்கும் பிரிந்து இறங்கும் பட்டை வயர்.

கேம் பெட்டியைச் சிப்காட் வாசலில் வாங்கினேன்,
நானூறு ரூபாய், ஒரு கேசட் இலவசம்.
விற்றவன் சொன்னது இவ்வளவுதான்:
"மூணாம் சேனல்ல வைங்கக்கா, வரும்."

வரவில்லை.
திருப்பினால் புள்ளிமழை.
இன்னும் திருப்பினால் வடைச்சட்டி இரைச்சல்.
மயிரிழை பின்னால் வந்தால்
மேலே மேலே ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு படம்.
ஜப்பான் பெட்டியாம்,
அதற்கு நொடிக்கு அறுபது, நம் டிவிக்கு ஐம்பது.
தம்பி ஏகாம்பரம் பின்பக்கத் துளையில் திருக,
நான் முன்னால் நின்று
"போதும், போதும், ஐயோ போச்சு" என்று கத்த,
கடைசியில் திருகில் தீக்குச்சி செருகி
நிறுத்தினோம் அந்த ஆளை.
நிறம் மட்டும் வரவே இல்லை:
சாம்பல் ஆள், சாம்பல் பள்ளம்,
நெருப்பும் சாம்பல்.

இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்து
சத்தத்தைச் சுத்தமாக அடைத்துவிட்டு ஆடுவேன்.
தினமும் மூன்றாவது பள்ளத்தில் விழுவேன்.

ஒருநாள் சுவரில் 'டொக்'.
பக்கத்து வீட்டு திம்மராஜ்.
குழாயடியில் ஒரு குடத்துக்காக ஆரம்பித்தது,
ஏழு மாதமாகப் பேச்சில்லை.
இல்லாத சத்தத்துக்கு என்ன புகார்?
மறுநாளும் தட்டினார், சரியாகப் பள்ளத்தின் விளிம்பில்.
கட்டைவிரல் தானாக அழுத்தியது.
ஆள் தாண்டிவிட்டான்.

ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தேன்.
அவர் ஜன்னலில், அவர் டிவியில்,
ஒரு காலைத் தூக்கியபடி
எனக்காகக் காத்திருந்தான் என் ஆள்.

ராயக்கோட்டை ரோடு ரேடியோ கடைக்காரர் சிரித்தார்.
"ஆண்டெனாவைக் கழட்டாம மாட்டியிருக்கீங்க.
உங்க ஆட்டம் வயர்ல ஏறி
வீடு வீடாப் போவுது.
முப்பது ரூபாய்க்கு ஸ்விட்ச் இருக்கு, போட்டா நின்னுடும்."

வாங்கினேன்.
தீப்பெட்டிக்குப் பக்கத்தில்
பிரிக்காத பொட்டலமாக இருக்கிறது.

குழாயடியில் இன்றைக்கும் அவர் குடம் அவர் குடம்,
என் குடம் என் குடம்.
நேற்று ராத்திரி ஐந்தாவது பள்ளத்தில்
அவசரப்பட்டுத் தட்டிவிட்டார்.
விழுந்தோம்.