உண்டு இல்லை

முஸ்த்வீயில் ஏரியோரச் சாலைப் பலகை
மூன்று பாகை காட்டியது. இரண்டு. ஒன்று.
பிறகு விடியும்வரை வெறும் கறுப்பு.
கழித்தல் ஒன்று வந்ததும்
எதுவும் நடக்காததுபோல் விழித்துக்கொண்டது.

தார்த்துவில் மாரிகா, ஆறிய காப்பியோடு,
நிரலைத் திறந்தாள்.
வெப்பநிலை உண்டென்றால் காட்டு
என்றிருந்தது. அவளே எழுதிய வரி.

போன குளிருக்குச் சரியாகத்தான் ஓடியது.
பழைய கருவி பூஜ்யத்தை
மேற்கோள் குறிக்குள் பொத்தி அனுப்பும்;
குறிக்குள் வந்தால் எழுத்து,
எழுத்தென்றால் உண்டு.
'பொய்' என்று எழுதி அனுப்பு, மெய் என்னும்.
ஒற்றை இடைவெளி அனுப்பு, அதுவும் மெய்.
காலிப் பெட்டியைக் கொடுத்தாலும்
பெட்டி இருக்கிறதே என்று தலையாட்டும்.

புதுக் கருவி
பூஜ்யத்தைத் தோலுரித்து அனுப்புகிறது.
அந்த ஒரு வரி அதை
உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டது.
தண்ணீர் கல்லாகும் அந்தப் பாகையில்தான்
பலகைக்கு வாயடைப்பு.

ஹெல்துரை அழைத்தாள். பால் லாரி,
நாலு மணி, அதே வளைவு.
"வழுக்கியதா?"
"இல்லையே. பலகையில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லையே என்றுதான்
இருபதில் உருட்டிக்கொண்டு போனேன்."

அவளிடம் பேச்சில்லை.
"இருக்கிறாயா?" என்றார் அவர்.
"இருக்கிறேன்."

உண்டா என்பதை அழித்து
வந்ததா என்று எழுதினாள்.
காப்பியைக் கொட்டிவிட்டு வந்து
இன்னொருமுறை ஓட்டிப் பார்த்தாள்.

மறுநாள் இரவு, வளைவுக்கு முன்னால்
பலகையில் ஒரு வட்டம்.
உள்ளே ஒன்றுமில்லை.
தூரத்திலிருந்தே தெரிந்தது.