பணகுடிப் பக்கத்துக்காரன்

வண்ணார்பேட்டை, மருந்துக் கிட்டங்கிக்கு மேல் மூன்றாம் மாடி.
ஆடி மாதத்து இரண்டு மணி.
ஏசிக் குளிருக்குத் துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு
திரையில் பதிவேட்டைப் பார்த்திருக்கிறேன்.

பத்து வினாடிக்கு ஒரு ஹலோ.
வள்ளியூர் பணகுடிக்குச் சொல்லும்,
பணகுடி வள்ளியூருக்கு.
பெரிய சேதி ஒன்றும் இல்லை அதில்:
நான் இருக்கிறேன்,
இன்னின்னார் குரல் என் காதில் விழுந்தது.
அந்தப் பட்டியலில் தன் பெயரைக் கண்ட பிறகுதான்
ஒரு ரௌட்டர் மற்றதை அண்டை என்று ஒப்புக்கொள்ளும்.
நாற்பது வினாடி சத்தம் இல்லையென்றால்
பெயரை அடித்துவிடும்.
துக்கம் விசாரிப்பதெல்லாம் கிடையாது.

ஒழுங்காய் இருக்கும் அண்டையைப் பற்றிப்
பதிவேடு ஒரு வரியும் எழுதாது.
சேரன்மகாதேவியின் பெயரைக் கண்டு ஐந்து மாதமாயிற்று.
அப்படி ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன்,
அதற்கு அதைவிட என்ன மரியாதை.

2:07 பணகுடி, முழுமையிலிருந்து வீழ்ச்சி. கெடு முடிந்தது.
2:08 பணகுடி, முழுமை.
2:11 வீழ்ச்சி.
2:11 முழுமை.
2:19

ஒவ்வொரு முறையும்
நாங்குநேரி, களக்காடு, திசையன்விளை, ராதாபுரம்
எல்லாம் எழுந்து உட்கார்ந்து
வழியைப் புதிதாய்க் கணக்குப் போடுகின்றன.
போட்டு முடிப்பதற்குள் இவன் திரும்பி வந்துவிடுவான்.
அழி, மறுபடி போடு.
பணகுடி ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பையன்
"மூணாவது தடவையா அனுப்புதேன் மேடம், தலை ஸ்கேனு,
கழுத்தோட நிக்கி" என்கிறான்.

2:40க்கு அந்தப் போர்ட்டை நானே அடைத்தேன்.
கட்டளை ஒரே சொல்தான். விரல் கொஞ்சம் யோசித்தது.
இருக்கிறேன், இல்லை, இருக்கிறேன் என்பவனைவிட
இல்லாதவனை வைத்து ஊர் சமாளித்துக்கொள்ளும்.
ஸ்கேன் ராதாபுரத்தைச் சுற்றிக்கொண்டு
கழுத்தும் தலையுமாய் வந்து சேர்ந்தது.

கணவாய்க் காற்று நேராய் இறங்குகிற இடத்தில்
முப்பிடாதி கம்பத்தில் ஏறியிருந்தான்.
"யக்கா, கேக்கா?"
கேக்கு, சொல்லு.
"யக்கா... ஹலோ?"
கேக்கு முப்பிடாதி.
"ஹலோ, லைன்ல இருக்கீயளா?"
இருக்கேன் இருக்கேன் என்று
ஆளில்லாத அறையில் கத்துகிறேன்.
அவன் மூச்சு வாங்குவது வருகிறது,
ஏணி இரும்பில் உரசுவது வருகிறது.
அவன் பட்டியலில் என் பெயர் இல்லை.
பிறகு காற்று மட்டும். பிறகு அதுவும் இல்லை.

எத்தனை வினாடி என்று எண்ணவில்லை நான்.
பொய். எண்ணினேன்.

"பெட்டிக்குள்ள முசுறு கூடு கட்டிருக்குக்கா,
கையெல்லாம் கடி.
கனெக்டரு பாதி வெளிய நிக்கி,
காத்து அடிச்சா விலகுது, விட்டா ஒட்டுது.
இப்ப அமுக்கிட்டேன், தொறந்து பாருங்க."

திறந்தேன்.
முதலில் ஒரு பக்கம். பிறகு இரு பக்கம்.
பிறகு இரண்டும் தமக்குத் தெரிந்த பாதைகளையெல்லாம்
ஒன்றுக்கொன்று ஒப்பித்தன.
3:52 பணகுடி, முழுமை.

படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்.
மின்தடை, கேபிள் அறுப்பு, கருவிக் கோளாறு, எலி.
எறும்பு இல்லை.
எலி மேல் பழிபோட மனசு வராமல்
'மற்றவை' என்று குத்தினேன்.

அதற்குப் பிறகு பணகுடிப் பேச்சே இல்லை.
கடைசி வரிக்குக் கீழே வெறும் கறுப்புத் திரை.
நாலரைக்குத்தான் தோன்றியது,
அவன் இறங்கிவிட்டேன் என்று சொல்லவில்லை.
போன் போட்டேன்.
மணி போகிறது.